மூச்சை அளந்தவர்

1920களின் தொடக்கம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், புல்தரையில் அமைக்கப்பட்ட ஒரு சிறிய வட்டப் பாதை. ஒரு சுற்று ஏறத்தாழ 85 மீட்டர்தான் இருக்கும். அதில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகில் ஒரு பெரிய பை தொங்கியது. பையிலிருந்து புறப்பட்ட தடித்த குழாய் அவருடைய வாய்க்குள் சென்றது. பாதையோரத்தில் அவருடைய உடன்பணியாளர் நேரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது விநோதமாகத்தான் தோன்றியிருக்கும். ஓடியவரோ அந்நகரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் என்பது அவர் பெயர். மனிதன் ஓடும்போது அவனுடைய உடல் எவ்வளவு உயிர்வாயுவைப் பயன்படுத்துகிறது, அதற்கு ஓர் எல்லை உண்டா என்பதுதான் அவர் விடை தேடிய கேள்வி. விடை காண அவர் வேறொருவரை ஓடச் சொல்லிவிட்டு நிழலில் நிற்கவில்லை, தாமே ஓடினார்.

இன்று சிங்கப்பூர் மாணவர்கள் ‘நாஃபா’ உடலுறுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். மலேசிய மாணவர்கள் ‘செகாக்’ தேர்வில் மூன்று நிமிடம் பலகைமேல் ஏறி இறங்கிவிட்டு நாடித்துடிப்பை எண்ணுகிறார்கள். ஆசிரியரின் ஏட்டில் பதியப்படும் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலின் பெரும்பகுதி, அந்தப் புல்தரைப் பாதையில் தொடங்கியது.

ஹில் 1886ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தந்தை மரவணிகர். ஹில்லுக்கு மூன்று வயதானபோது தந்தை குடும்பத்தைவிட்டுப் பிரிந்து சென்றுவிட்டார். மகனையும் மகளையும் வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயார்மீது விழுந்தது. தொடக்கத்தில் தாயாரே மகனுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு குடும்பம் டிவர்ட்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த பிளன்டல்ஸ் பள்ளியில் ஹில் கல்வி கற்றார். பெற்றோர் சூட்டிய நீண்ட பெயர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் வாழ்நாள் முழுவதும் ஏ. வி. என்ற இரண்டு எழுத்துகளாலேயே அவர் அறியப்பட்டார்.

பள்ளியில் கணக்கில் சிறந்து விளங்கிய ஹில், உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1907ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே மூன்றாம் இடம் பெற்றார். அந்தத் தேர்வில் முன்னிலை பெறுவோர் கணிதத் துறையிலேயே தங்கிப் பேரும் புகழும் அடைவது வழக்கம். ஹில்லின் மனம் அதில் நிலைகொள்ளவில்லை. எண்களை உயிருள்ள ஒன்றோடு பொருத்திப் பார்க்க அவர் விரும்பினார். அவருடைய கல்லூரி வழிகாட்டியான வால்ட்டர் ஃபிளெட்சர், உடல் உறுப்புகள் இயங்கும் முறையை ஆராயும் உடலியங்கியல் துறையைக் காட்டினார். கையில் இருந்த வெற்றியை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத துறைக்குள் இளைஞர் ஹில் நுழைந்தார். இது துணிச்சலான முடிவு.

ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸ் என்னும் அறிஞரும் அதே 1907ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டிருந்தனர். உயிர்வாயு இல்லாமல் வேலைசெய்யும் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது; உயிர்வாயு கிடைத்தால் அது குறைகிறது என்பதே அந்த உண்மை. இதன் தொடர்ச்சியாக, தசை சுருங்கும்போது உண்டாகும் வெப்பத்தை அளந்து பார்க்கும்படி 1909ஆம் ஆண்டில் பேராசிரியர் லாங்லி ஹில்லைத் தூண்டினார்.

சொல்வது எளிது. தவளையின் காலிலிருந்து எடுத்த மெல்லிய தசை ஒருமுறை சுருங்கினால், அதன் வெப்பம் ஒரு பாகையில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே உயரும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்துவிடும். காய்ச்சலைப் பார்க்கும் வெப்பமானி இதற்குப் பயன்படாது. சிறு வெப்ப மாற்றத்தையும் மின்னோட்டமாக மாற்றிக்காட்டும் கருவியை ஹில் பயன்படுத்தினார். அதை ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி மேலும் நுட்பமாக்கினார். தசை சுருங்கும் வேளையில் ஒருமுறை வெப்பம் வெளிப்படுகிறது. சுருங்கி முடிந்து ஓய்வெடுக்கும்போது மீண்டும் நெடுநேரம் வெப்பம் வெளிப்படுகிறது என்று அவர் கண்டார். இரண்டாவது வெப்பம் தோன்ற உயிர்வாயு தேவைப்பட்டது. முதல் வெப்பத்துக்கு அது தேவைப்படவில்லை. அதாவது, தசை முதலில் வேலையைச் செய்துவிடுகிறது. உயிர்வாயுவைப் பிறகுதான் பயன்படுத்திக்கொள்கிறது. இந்த ஒரு செய்தி ஹில்லின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

1913ஆம் ஆண்டு அவர் மார்கரெட் கெய்ன்ஸை மணந்தார். புகழ்பெற்ற பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தங்கை அவர். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஹில் படையில் சேர்ந்தார். விமானங்களைச் சுடும் பீரங்கிகளின் குறி தவறாமலிருக்க வழிகாணும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். வானில் பறக்கும் விமானத்தின் உயரத்தைத் தரையில் வைத்த கண்ணாடிகளின் உதவியால் கணக்கிடும் முறை அவருடைய யோசனையே. போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியரானார்.

அங்குதான் தவளையிலிருந்து மனிதனுக்கு அவருடைய ஆராய்ச்சி நகர்ந்தது. ஒரு தவளைத் தசை செய்வதை ஓடும் மனிதனின் உடல் முழுவதும் செய்கிறதா? ஹில் தாமே நல்ல ஓட்டக்காரர். ஓடி முடித்த பிறகும் வெகுநேரம் மூச்சிரைப்பது ஏன் என்று ஓடுகிற எவருக்கும் தோன்றும். ஓட்டம் நின்றுவிட்டது, உடல் மட்டும் ஏன் இன்னும் காற்றுக்குத் தவிக்கிறது? பெரும்பாலோர் இந்தக் கேள்வியைத் தண்ணீர் குடித்ததும் மறந்துவிடுவார்கள். ஹில் மறக்கவில்லை.

அவருடன் ஹார்ட்லி லப்டன் என்பவர் சேர்ந்து உழைத்தார். அவர்கள் பயன்படுத்திய பைக்கு ‘டக்ளஸ் பை’ என்று பெயர். டக்ளஸ் என்னும் அறிஞர் 1911ஆம் ஆண்டில் அதை உருவாக்கியிருந்தார். காற்றுப் புகாத துணியால் ஆன அந்தப் பையை முதுகில் கட்டிக்கொள்ளலாம். வாயில் பொருத்திய குழாயில் அடைப்பிதழ்கள் இருக்கும். உள்ளே இழுக்கும் காற்று வெளியிலிருந்து வரும்; வெளிவிடும் காற்று வேறு வழியாகச் செல்லும். ஒரு திருகைத் திருப்பினால் அந்தக் காற்று பைக்குள் சேரத் தொடங்கும். குறித்த நேரம் முடிந்ததும் திருகை மூடிவிட வேண்டும். பிறகு பையில் எத்தனை லிட்டர் காற்று இருக்கிறது, அதில் உயிர்வாயு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம்.

இதில் உள்ள கணக்கு கடினமானது அன்று. நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு உயிர்வாயு உள்ளது. ஓடும் ஒருவர் ஒரு நிமிடத்தில் 100 லிட்டர் காற்றை வெளிவிடுகிறார் என்றும், அதில் 17 பங்கு உயிர்வாயு எஞ்சியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவருடைய உடல் அந்த நிமிடத்தில் சுமார் 4 லிட்டர் உயிர்வாயுவை எடுத்துக்கொண்டுள்ளது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு கால் லிட்டர் அளவே போதும்.

கணக்கு எளிது, ஓட்டந்தான் கடினம். வாயில் குழாயைக் கவ்வியபடி, பையைச் சுமந்துகொண்டு, ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வேகம் மாறினால் அளவு தவறிவிடும். அந்தச் சிறு பாதையில் இன்றைய மாணவர்கள் 2.4 கிலோமீட்டர் ஓடுவதானால் 28 முறைக்குமேல் சுற்றவேண்டியிருக்கும். ஹில் ஒரு வேகத்தில் ஓடினார், காற்றைச் சேர்த்தார், ஓய்வெடுத்தார். பிறகு சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓடினார். மீண்டும் காற்றைச் சேர்த்தார்.

வேகம் கூடக்கூட உடல் எடுத்துக்கொள்ளும் உயிர்வாயுவும் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு கட்டத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. வேகத்தைக் கூட்டினார், உயிர்வாயுவின் அளவு கூடவில்லை. இன்னும் கூட்டினார், அப்போதும் கூடவில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர் என்ற இடத்தில் அது நின்றுவிட்டது. கால்கள் விரைவாக ஓடுகின்றன. உடலுக்குள் செல்லும் உயிர்வாயு மட்டும் அதே அளவில் இருக்கிறது.

ஹில் தம் உடலின் எல்லையைக் கண்டுவிட்டார். ஒவ்வொரு மனிதருக்கும் இத்தகைய ஓர் உச்ச அளவு உண்டு என்றும், அது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றும் அவரும் லப்டனும் 1923ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். எவ்வளவு முயன்று மூச்சிழுத்தாலும் இந்த அளவு உயராததற்குக் காரணம் மன உறுதிக் குறைவு அன்று. இதயமும் நுரையீரலும் இரத்த ஓட்டமும் ஒரு நிமிடத்தில் கொண்டுசேர்க்கக்கூடிய உயிர்வாயுவுக்கு வரம்பு இருப்பதே காரணம் என்று ஹில் கருதினார். ஓட்டத்தில் பின்தங்கும் மாணவரைச் சோம்பேறி என்று ஏசும் வழக்கம் அன்றும் இருந்தது. இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. அந்த ஏச்சுக்கு முன்னால் வைக்க அறிவியலிடம் முதன்முறையாக ஓர் எண் கிடைத்தது.

அப்படியானால் எல்லையைத் தாண்டிய வேகத்தில் ஓடுவதற்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? இங்குதான் தவளைத் தசை கற்பித்த பாடம் உதவியது. தசை முதலில் வேலைசெய்யும். உயிர்வாயுவைப் பிறகு பயன்படுத்தும். மாத நடுவில் மளிகைக் கடையில் கணக்கில் எழுதச் சொல்லிப் பொருள் வாங்கிவிட்டு, சம்பள நாளில் பணத்தைக் கட்டுவது போன்றது இது. விரைவாக ஓடும் உடல் கடன் வாங்குகிறது. ஓட்டம் முடிந்தபின் மூச்சிரைக்க மூச்சிரைக்க அந்தக் கடனை அடைக்கிறது. இதற்கு ஹில் ‘உயிர்வாயுக் கடன்’ என்று பெயரிட்டார். பொருளியல் அறிஞர் ஒருவரின் குடும்பத்தில் பெண் எடுத்தவருக்கு இந்த உவமை தோன்றியது பொருத்தமே. நூறு மீட்டர் ஓட்டக்காரர் பெரும்பாலும் கடனிலேயே ஓடி முடித்துவிடுகிறார். நெடுந்தொலைவு ஓடுபவரால் அப்படி ஓட முடியாது. கடனுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஆகவே வரவுக்கு ஏற்ற வேகத்தில்தான் அவர் ஓடவேண்டும்.

இந்தக் கட்டுரை வெளிவந்த அதே 1923ஆம் ஆண்டில் ஹில்லுக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அது முந்தைய ஆண்டான 1922க்கு உரிய பரிசு. ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ மேயர்ஹோஃப் அதை அவருடன் பகிர்ந்துகொண்டார். தசையின் வெப்பத்தைப் பற்றிய ஆய்வுக்குத்தான் ஹில்லுக்குப் பரிசு. புல்தரையில் ஓடிய ஓட்டத்துக்கு எந்தப் பரிசும் இல்லை. முதல் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட இரு நாடுகளின் அறிஞர்கள் ஒரே பரிசைப் பெற்றதில் ஹில் மகிழ்ந்தார்.

அதே ஆண்டு அவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறினார். அடுத்த பல ஆண்டுகள் ஓட்டக்காரர்கள்மீது அவருக்கிருந்த ஆர்வம் சற்றும் குறையவில்லை. உலகச் சாதனைகளின் நேரங்களையும் தொலைவுகளையும் வரைபடமாக வரைந்து, தொலைவு கூடும்போது வேகம் எப்படிக் குறைகிறது என்று ஆராய்ந்தார். 1926ஆம் ஆண்டு லண்டன் ராயல் கழகத்தில் சிறுவர் சிறுமியருக்காக நடைபெறும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை ஆற்றினார். நரம்பும் தசையுமே அவற்றின் பொருள். 1927ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, விரைவோட்டக்காரர்களின் உடலில் காந்தமாக்கிய இரம்பத் தகட்டைக் கட்டிவிட்டு ஓடவைத்தார். பாதையோரத்தில் இடைவெளிவிட்டுக் கம்பிச் சுருள்கள் வைக்கப்பட்டிருந்தன. ஓட்டக்காரர் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது அதில் மின்னோட்டம் உண்டாகும். அந்த நேரம் பதிவாகும். மின்னணுக் கடிகாரங்கள் இல்லாத காலத்தில், ஓட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும் வேகம் எப்படி மாறுகிறது என்பதை இப்படித்தான் அவர் கண்டறிந்தார்.

ஒருமுறை அமெரிக்காவில் அவருடைய சொற்பொழிவைக் கேட்ட முதியவர் ஒருவர் சினத்துடன் எழுந்தார். ஓட்டக்காரர்களைப் பற்றிய இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். ஹில் முதலில் பொறுமையாகச் சில பயன்களை விளக்கினார். முதியவர் மனநிறைவு அடையவில்லை. உண்மையில் இதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே இதைச் செய்கிறோம் என்று ஹில் ஒப்புக்கொண்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. மறுநாள் செய்தித்தாளில் அதுவே தலைப்பாக வந்துவிட்டது.

ஆனால் அவருடைய கருத்துகள் அனைத்தும் நிலைத்து நிற்கவில்லை. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று ஹில்லும் மேயர்ஹோஃபும் நம்பியிருந்தனர். 1930ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த லுன்ட்ஸ்கார்ட் என்னும் இளம் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி ஒரு நச்சுப்பொருளால் தசையைத் தடுத்தார். அப்படியும் தசை சுருங்கியது. அமிலம் இல்லாமலேயே தசை வேலைசெய்கிறது என்றால், பழைய விளக்கம் சரியாக இருக்க முடியாது.

நோபெல் பரிசு பெற்ற ஒருவருக்கு இது எளிதில் விழுங்கக்கூடிய செய்தி அன்று. பரிசைப் பெற்றுப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஹில் மழுப்பவில்லை, மறுக்கவுமில்லை. தசை பற்றிய அறிவில் புரட்சி நிகழ்ந்துவிட்டது என்ற பொருள்படத் தலைப்பிட்டு, 1932ஆம் ஆண்டில் அவரே ஒரு கட்டுரை எழுதி, பழைய கொள்கை வீழ்ந்ததை உலகுக்கு அறிவித்தார். அவருடைய ‘உயிர்வாயுக் கடன்’ விளக்கமும் பிற்காலத்தில் பெரிதும் திருத்தப்பட்டது. ஓடிய பிறகு மூச்சிரைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று இன்று தெரிகிறது. லாக்டிக் அமிலத்திலிருந்து வரும் லாக்டேட்டைத் தசைகளும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன என்பதும் தெரிந்துவிட்டது. உயிர்வாயுவுக்கு ஓர் உச்ச அளவு உண்டு என்ற முடிவோ, அன்றுபோல் இன்றும் உடலுறுதி ஆய்வின் நடுத்தூணாக நிற்கிறது.

1933ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களான பேராசிரியர்கள் ஒரே நாளில் வேலை இழந்தனர். ஹில் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வந்து குரல்கொடுத்தார். அவர்களுக்கு வேலையும் அடைக்கலமும் தேடித் தருவதற்காகத் தொடங்கப்பட்ட கல்வியாளர் உதவி மன்றத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். மன்றத்தின் முயற்சியால் நூற்றுக்கணக்கான அறிஞர்கள் உயிர்தப்பினர். 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வெறுங்கையோடு லண்டன் வந்து சேர்ந்த பெர்னார்ட் காட்ஸ் என்னும் இளைஞரை ஹில் தம் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். தம் வீட்டிலும் தங்கவைத்தார். அந்த இளைஞர் 1970ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். பரிசைப் பகிர்ந்துகொண்ட மேயர்ஹோஃபும் யூதரே. அவரும் தாய்நாட்டைவிட்டுத் தப்பி, பிரான்ஸ் வழியாக அமெரிக்கா சென்று சேர நேர்ந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1943ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்குச் சென்று, அந்நாட்டின் அறிவியல் ஆராய்ச்சி எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்து அறிக்கை அளித்தார். உணவும் உடல்நலமும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல, ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அவருடைய கருத்து.

இதற்கிடையே அவருடைய அளவீட்டைப் பிறர் வேறு திசையில் கொண்டுசென்றனர். டக்ளஸ் பையும் ஆய்வுக்கூடமும் எல்லாருக்கும் கிடைக்குமா? நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் முதுகிலும் பையைக் கட்ட முடியுமா? 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பிரூஹா என்பவர் ஒரு வழியைக் கண்டார். சுமார் அரை மீட்டர் உயரமுள்ள பலகைமேல் ஐந்து நிமிடம் ஏறி இறங்கவேண்டும். பிறகு உட்கார்ந்து நாடித்துடிப்பை எண்ணவேண்டும். துடிப்பு எவ்வளவு விரைவாகத் தணிகிறதோ அவ்வளவு உடலுறுதி உண்டு. ‘செகாக்’ தேர்வின் பலகை இந்தப் பலகையின் வழிவந்ததே.

சுவீடனில் ஓஸ்ட்ராண்ட் என்னும் ஆய்வாளர் நான்கு வயதுக் குழந்தை முதல் பெரியவர்வரை பலரை ஓடவைத்து, அவர்களுடைய உச்ச அளவை அளந்து 1952ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சிறிய உடல் எடுக்கும் லிட்டரையும் பெரிய உடல் எடுக்கும் லிட்டரையும் நேரடியாக ஒப்பிட்டால் நியாயமாகாது. ஆகவே, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கிடும் முறை பரவலானது. ஹில்லின் 4 லிட்டரைவிடக் குறைவாக எடுக்கும் மெலிந்த சிறுமி ஒருத்தி, இந்தக் கணக்கில் அவரையே முந்திவிடவும் கூடும்.

1968ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் ஓடும் தொலைவைக் கொண்டே அவருடைய உச்ச அளவை ஓரளவு துல்லியமாகக் கணிக்கலாம் என்று காட்டினார். நேரத்தை நிலையாக வைத்துத் தொலைவை அளப்பது ஒரு முறை. தொலைவை நிலையாக வைத்து நேரத்தை அளப்பது மற்றொரு முறை. கூப்பர் இரண்டாவது முறையையும் பயன்படுத்தினார். அதற்கு அவர் வகுத்த தொலைவு ஒன்றரை மைல், அதாவது 2.4 கிலோமீட்டர்.

ஆனாலும் இவை அனைத்தும் கணிப்புகளே. வெயில் கடுமையாக இருந்தால் நேரம் கூடும். தொடக்கத்திலேயே விரைந்தோடிப் பாதியில் தளர்ந்துவிட்டவரின் நேரம் அவருடைய உண்மையான உடலுறுதியைக் காட்டாது. முந்தைய இரவு காய்ச்சலில் படுத்திருந்தவரின் நேரமும் அப்படியே. பையில் சேர்த்த காற்று சொல்வதைக் கடிகாரம் அப்படியே சொல்லிவிடாது. இதனால்தான் பல ஆசிரியர்கள் ஒரே ஓட்டத்தின் எண்ணை மட்டும் பார்க்காமல், அதே மாணவர் சென்ற முறை ஓடியதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஹில் எண்பதை எட்டும்வரை ஆய்வுக்கூடத்தைவிட்டு விலகவில்லை. அப்போதும் அவர் அளந்தது தவளைத் தசையின் வெப்பத்தைத்தான். முதலில் செய்த அளவீடுகளில் எங்கே பிழை நேர்ந்தது என்று தேடிக்கொண்டே இருந்தார். பிறகு கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தார். மனைவி மார்கரெட் 1970ஆம் ஆண்டு காலமானார். 1977ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், ஹில் மறைந்தார்.

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் லூக் லெஜே என்பவரும் அவருடைய நண்பரும் இன்னோர் எளிய முறையை வெளியிட்டனர். இருபது மீட்டர் இடைவெளியில் தரையில் இரண்டு கோடுகள். ஒலிநாடாவிலிருந்து ‘பீப்’ என்ற ஒலி கேட்கும்போது மாணவர் மறுகோட்டை அடைந்திருக்க வேண்டும். இப்போது பல நாடுகளில் நடைபெறும் முறையில் வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி, நிமிடந்தோறும் அரைக் கிலோமீட்டர் கூடுகிறது. ஒலிகளுக்கு இடையிலான நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் ஒலி முந்திக்கொள்கிறது. கால்கள் கோட்டை எட்டவில்லை. மாணவர் ஓரமாக விலகி, முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்து நிற்கிறார். மூச்சு இரைக்கிறது. ஆசிரியர் அவருடைய பெயருக்கு எதிரே ஓர் எண்ணை எழுதிவிட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறார்.